'ஸ்லோடு ரிவெர்ப்' பிறந்த மண்ணின் நாயகன்... 33 வயதில் தூக்கத்திலேயே போன பிம்ப் சி!

ராத்திரி 12 மணி. லைட்டை அணைச்சிட்டு, ஹெட்போனை மாட்டிக்கிட்டு, பிடிச்ச பாட்டோட 'ஸ்லோடு + ரிவெர்ப்' வெர்ஷனைக் கேட்டிருக்கீங்களா? தெரிஞ்ச பாட்டுதான். ஆனா, வேகத்தைக் குறைச்சதும் குரல் கனமாகி, பாட்டே வேற மாதிரி ஆயிடும்.

இந்த ரசனை யூடியூபில் பிறந்ததுன்னு நினைச்சா, அதுக்கும் முன்னாடி ஒரு கதை இருக்கு. 1990-களின் தொடக்கம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஹூஸ்டன் நகரம். டிஜே ஸ்க்ரூ என்ற இளைஞர், பாடல்களின் வேகத்தைக் குறைத்து, வரிகளை வெட்டி, திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, கேசட்டில் பதிவு செய்து வீட்டிலிருந்தே விற்றார். இன்றைய 'ஸ்லோடு' வெர்ஷன்களுக்கெல்லாம் தாத்தா அந்தக் கேசட்டுகள்தான்.

ஸ்க்ரூ வேகத்தைக் குறைத்தார். அதே டெக்சாஸில் இன்னொருவர், ராப்புக்குள் சர்ச் ஆர்கனையும் கிட்டாரையும் கொண்டுவந்து உட்காரவைத்தார். அவர்தான் பிம்ப் சி. இவர்கள் இருவரையும் இணைப்பது இசை மட்டுமல்ல. இருவரின் மரணத்திலும் ஒரே இருமல் மருந்து இருக்கிறது. ஸ்க்ரூ இறந்தபோது வயது 29. பிம்ப் சி இறந்தபோது 33.

யார் இந்த பிம்ப் சி?

இயற்பெயர் சாட் லாமான்ட் பட்லர். பிறந்தது 1973 டிசம்பர் 29, லூசியானா மாநிலத்தின் க்ரௌலி என்ற ஊரில். வளர்ந்தது டெக்சாஸின் போர்ட் ஆர்தரில்.

போர்ட் ஆர்தர், ஹூஸ்டனிலிருந்து கிழக்கே சுமார் 150 கி.மீ. தூரத்தில் இருக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் குழாய்கள், புகைபோக்கிகள். ஆனால், இந்தச் சின்ன ஊர் ஏற்கெனவே உலகத்துக்கு ஒரு பெரிய பாடகியைக் கொடுத்திருந்தது. அவர் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின். 1970-ல், 27 வயதில், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ஹோட்டல் அறையில் ஹெராயின் அவர் உயிரைப் பறித்தது. 37 ஆண்டுகள் கழித்து அதே ஊரின் இன்னொரு பிள்ளைக்கும் கிட்டத்தட்ட அதே முடிவு வரும்னு அப்போ யாருக்குத் தெரியும்?

சாட் வளர்ந்தது இசை நிறைந்த வீடு. அப்பா ட்ரம்பெட் வாசிப்பவர். பெற்றோர் பிரிந்த பிறகு, அம்மா வெஸ்லின் மறுமணம் செய்துகொண்டவரும் பள்ளியில் இசை கற்றுக்கொடுத்த ஆசிரியர். சாட் பள்ளிச் சேர்ந்திசைக் குழுவில் முறையாகப் பாடக் கற்றவர். அவர் ராப் பக்கம் போனபோது, அந்த வளர்ப்புத் தந்தைக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்டதாம். 'அதுக்குள்ள கொஞ்சம் மியூசிக்கைச் சேரு' என்கிற பொருளில் அவர் சொன்ன அறிவுரையை பிம்ப் சி கடைசிவரை மறக்கவில்லை. பேட்டிகளில் அதைச் சொல்லியிருக்கிறார்.

ரெண்டு பேர், ஒரு பேரு

1980-களின் கடைசியில் அதே ஊர்க்காரரான பன் பி என்கிற பெர்னார்ட் ஃப்ரீமேனுடன் சேர்ந்து அவர் உருவாக்கியதுதான் 'அண்டர்கிரவுண்ட் கிங்ஸ்'. சுருக்கமாக, யூஜிகே.

ரெண்டு பேரும் நேரெதிர். பன் பி-யின் குரல் ஆழமானது, நிதானமானது. வார்த்தைகளைச் சுத்தியலால் அடிப்பதுபோல அடுக்குவார். பிம்ப் சி-யின் குரல் மெல்லியது, மூக்கால் இழுத்துப் பேசும் டெக்சாஸ் வழக்கு, கூடவே குறும்பு. ராப் பாடுவதோடு, பீட் போட்டுப் பாட்டை உருவாக்கியதும் பெரும்பாலும் அவரே. மேனேஜர்? பிம்ப் சி-யின் அம்மாதான். ரசிகர்களுக்கும் அவர் 'மாமா வெஸ்'.

1992-ல் 'ஜைவ்' என்ற பெரிய இசை நிறுவனத்தில் முதல் ஆல்பம். 1993-ல் 'மெனஸ் டூ சொசைட்டி' படத்தின் பாடல் தொகுப்பில் ஒரு பாட்டு. 1994-ல் 'சூப்பர் டைட்'. 1996-ல் வந்ததுதான் இவர்களின் உச்சம் என்று பலரும் சொல்லும் 'ரைடின் டர்ட்டி'.

அந்த ஆல்பத்துக்கு ஒரு வீடியோகூட எடுக்கப்படவில்லை. தனிப்பாடலாக எதையும் நிறுவனம் வெளியிட்டு விளம்பரப்படுத்தவும் இல்லை. இன்றைய கணக்கில் சொல்லணும்னா, ரீல்ஸ் இல்லை, டீசர் இல்லை, போஸ்டர்கூட ஒட்டலை. அப்படியும் 5 லட்சம் பிரதிகளைத் தாண்டி 'கோல்டு' அந்தஸ்து பெற்றது. ஒருத்தர் காரில் கேட்டு, இன்னொருத்தரிடம் சொல்லி, அவர் போய் வாங்கி... இப்படித்தான் அது பரவியது.

கார் டிக்கிக்காகச் செய்த இசை

அது ஏன் அங்கே மட்டும் அப்படி ஒட்டிக்கொண்டது? அந்த ஊர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் புரியும்.

நியூயார்க்கில் மக்கள் நடப்பார்கள், ரயிலில் போவார்கள். அங்கே ராப் வேகமானது, பரபரப்பானது. டெக்சாஸ் அப்படியில்லை. கொளுத்தும் வெயில், நீண்ட நெடுஞ்சாலைகள், எங்கே போகணும்னாலும் கார்தான். ஹூஸ்டன் இளைஞர்கள் பழைய காடிலாக் கார்களை வாங்கி, மிட்டாய் போலப் பளபளக்கும் பெயின்ட் அடித்து, டிக்கி முழுக்க ஸ்பீக்கர் வைத்து, ஊரே பார்க்கும்படி மெதுவாக ஓட்டுவார்கள். இந்தக் கார்களுக்கு 'ஸ்லாப்' என்று பெயர். மெதுவாகப் போகும் காருக்கு மெதுவான பாட்டு வேணும். டிக்கி அதிரும் அளவுக்கு பேஸ் வேணும். மேலே இனிமையா ஒரு மெலடியும் வேணும்.

பிம்ப் சி கொடுத்தது அதைத்தான். அடியில் கனமான டிரம்ஸ். அதன் மேல் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கேட்கும் ஆர்கன், பழைய சோல் பாடல்களின் சாயல், அழுகிற கிட்டார். தன் பாட்டை 'ஹிப் ஹாப்' என்று சொல்வதையே அவர் விரும்பவில்லை. 'கன்ட்ரி ராப் ட்யூன்ஸ்' என்றுதான் சொல்வார். கிராமத்தான் என்று கிண்டல் செய்தவர்களிடம், 'ஆமா, கிராமத்தான்தான்' என்று மார்தட்டிய பெயர் அது.

அந்தக் கிண்டல் சும்மா வந்ததில்லை. அப்போது ராப் உலகம் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் என்ற இரண்டு நகரங்களின் கையில் இருந்தது. 1995-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு விருது விழாவில், அட்லான்டாவைச் சேர்ந்த அவுட்காஸ்ட் குழு விருது வாங்க மேடை ஏறியபோது கூட்டம் கூச்சல் போட்டு அவமானப்படுத்தியது. 'தெற்குக்கும் சொல்ல விஷயம் இருக்கு' என்று மேடையிலேயே சொல்லிவிட்டு இறங்கினார் அந்தக் குழுவின் ஆண்ட்ரே 3000. இந்த ஆண்ட்ரேவை நினைவில் வெச்சுக்கோங்க. பின்னால் வருவார்.

வந்த வாய்ப்பையே வேண்டாம்னவர்

1999. நியூயார்க்கின் சூப்பர் ஸ்டார் ஜே-ஸீ, தன் 'பிக் பிம்பின்' பாட்டில் சேர்ந்து பாட யூஜிகே-வை அழைத்தார். டிம்பலாண்டின் பீட். எகிப்தியப் பாடகர் அப்துல் ஹலீம் ஹஃபீஸ் 1950-களில் பாடிய ஒரு பாடலின் இசைத்துணுக்கு அதில் சுழன்று சுழன்று வரும். ஹிட் ஆகப்போகிறது என்று கேட்டவுடனே தெரியும்.

பிம்ப் சி-க்குப் பிடிக்கவில்லை. இது நம்ம சத்தமே இல்லையே, இத்தனை வருஷமா நம்மைக் கேட்டவங்க நாம மாறிட்டோம்னு நினைப்பாங்களே என்று தயங்கினார். பன் பி விடாமல் வற்புறுத்தியதால் சம்மதித்து, சின்னதாக ஒரு பகுதியை மட்டும் பாடிக் கொடுத்தார். ட்ரினிடாட் தீவில், கார்னிவல் நேரத்தில் பிரமாண்டமாக வீடியோ எடுத்தார்கள். அங்கேயும் அவர் போகவில்லை. அவர் வரும் காட்சியைத் தனியாக மயாமியில் எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வெயிலில் முழு ஃபர் கோட் போட்டுக்கொண்டு வந்து நின்றார் மனுஷன்!

பாட்டு உலக ஹிட். யூஜிகே என்ற பெயரையே அதில்தான் பலர் முதல்முறையாகக் கேட்டார்கள். இனிமேல் ஏறுமுகம்தான் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில்தான் கதவு மூடியது.

'ஃப்ரீ பிம்ப் சி'

2000 டிசம்பரில் ஹூஸ்டன் மால் ஒன்றில் நடந்த வாக்குவாதத்தில் துப்பாக்கியைக் காட்டியதாக அவர்மீது வழக்கு. நீதிமன்றம் விதித்த சமூக சேவையை அவர் முழுதாக முடிக்கவில்லை. 2002-ன் தொடக்கத்தில் 8 ஆண்டு சிறைத் தண்டனை.

கேரியரில் ஒருத்தர் உள்ளே போனால் இன்னொருத்தர் என்ன செய்வார்? புது ஜோடி தேடலாம்; குழுவின் பெயரை மறந்துவிட்டுத் தனியாகப் போகலாம். பன் பி வேறொன்று செய்தார். யார் கூப்பிட்டாலும் போய்ப் பாடினார். புதுப் பையன், பெரிய ஸ்டார் என்று பார்க்கவில்லை. எங்கே போனாலும், எந்த மைக் கிடைத்தாலும், 'பிம்ப் சி-யை விடுதலை செய்' என்று சொன்னார். பாட்டில் சொன்னார், டி-ஷர்ட்டில் போட்டார். கொஞ்ச நாளில் மற்ற ராப்பர்களும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். உள்ளே இருந்த மனிதரின் பெயர், அவர் வெளியே இருந்த காலத்தைவிட அதிகமாக ஒலித்தது.

2005-ல் பன் பி தன் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார். பெயர் 'ட்ரில்'. 'ட்ரூ', 'ரியல்' இரண்டையும் சேர்த்த சொல். உண்மையானவன், வேஷம் போடாதவன் என்று அர்த்தம். சிறைப் பேச்சிலிருந்து தெருவுக்கு வந்த இந்தச் சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியது யூஜிகே-தான்.

2005 டிசம்பர் 30. பரோலில் வெளியே வந்தார் பிம்ப் சி. அதற்கு முந்தைய நாள்தான் அவருடைய 32-வது பிறந்தநாள்.

704 நாள்கள்

வெளியே வந்தவர் அவசரமாக வாழ்ந்தார் என்றுதான் சொல்லணும். 2006-ல் தனி ஆல்பம். 2007 ஆகஸ்டில் குழுவின் பெயரையே தலைப்பாக வைத்து, இரண்டு டிஸ்க் நிறைய பாடல்களோடு 'அண்டர்கிரவுண்ட் கிங்ஸ்' வெளியானது. அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் நேராக முதல் இடம். ஜைவ் நிறுவனத்தில் முதல் ஆல்பம் போட்டுக் கிட்டத்தட்ட 15 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த முதலிடம் அது.

அந்த ஆல்பத்தின் உயிர், 'இன்டர்நேஷனல் பிளேயர்ஸ் ஆன்தம்'. கூடப் பாடியவர்கள் அவுட்காஸ்ட். நினைவிருக்கா, ஆண்ட்ரே 3000? பாட்டின் தொடக்கத்தில் டிரம்ஸே இல்லாமல் அவர் மட்டும் பாடுவார். கல்யாணம் பண்ணிக்கப் போறேன் என்று சொல்லும் மாப்பிள்ளையின் குரல். அவர் முடித்ததும் பிம்ப் சி நுழைய, டிரம்ஸும் சேர்ந்து இறங்கும். வீடியோ முழுக்க ஒரு கல்யாண வீடு. ஸ்காட்லாந்து பாவாடை கட்டிய மாப்பிள்ளையாக ஆண்ட்ரே. ஒரு காலத்தில் கூச்சல் போட்டு விரட்டப்பட்ட தெற்கு, தன் வீட்டு விசேஷத்தைத் தானே கொண்டாடியது மாதிரி இருக்கும்.

2007 டிசம்பர் 4. லாஸ் ஏஞ்சலஸ் அருகே, வெஸ்ட் ஹாலிவுட்டில் ஒரு ஹோட்டல் அறையில் பிம்ப் சி இறந்து கிடந்தார். 34-வது பிறந்தநாளுக்கு இன்னும் 25 நாள். சிறையிலிருந்து வந்து 704 நாள். இரண்டு நாள் கழித்து கிராமி பரிந்துரைப் பட்டியல் வந்தது. அதில் 'இன்டர்நேஷனல் பிளேயர்ஸ் ஆன்தம்' இருந்தது.

அந்த அறையில் நடந்தது என்ன?

ராப்பர் இளம் வயதில் இறந்தார் என்றாலே துப்பாக்கிச் சூடு என்றுதான் மனம் போகும். இங்கே சத்தமே இல்லை. மரண விசாரணை அதிகாரியின் முடிவு இதுதான்: கோடீன், ப்ரோமெதசின் இரண்டும் கலந்த இருமல் மருந்தின் விளைவும், அவருக்கு ஏற்கெனவே இருந்த 'ஸ்லீப் ஆப்னியா'வும் சேர்ந்து நேர்ந்த விபத்து.

இதைக் கொஞ்சம் விளக்கமாகப் புரிஞ்சுக்கணும். ஏன்னா, விஷயம் இங்கேதான் இருக்கு.

ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்குத் தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும். பலத்த குறட்டை, நடுவில் திடீர் அமைதி, பிறகு திணறி மூச்சை இழுப்பது. பலர் வீட்டில் இதைப் பார்த்திருப்பீங்க. மூச்சு நின்றதும் மூளை உள்ளுக்குள் ஓர் அலாரம் அடித்து எழுப்பிவிடும். உயிரைக் காப்பது அந்த அலாரம்தான்.

கோடீன், அபின் வகையைச் சேர்ந்தது. உடலுக்குள் போனதும் அதில் ஒரு பகுதி மார்ஃபினாக மாறும். மூச்சுவிடச் சொல்லி மூளை கொடுக்கும் கட்டளையையே அது மெதுவாக்கிவிடும். ப்ரோமெதசின், தூக்கத்தைக் கொடுக்கும் அலர்ஜி மருந்து. இரண்டும் சேரும்போது மயக்கம் இன்னும் ஆழமாகும். மூச்சுப்பாதை அடைபடுகிறது, அலாரம் அடிக்கவில்லை. அவ்வளவுதான்.

இந்த மருந்தைக் குளிர்பானத்தில் கலந்து குடிப்பது ஹூஸ்டனில் ஒரு ஸ்டைலாகவே இருந்தது. 'லீன்', 'சிரப்', 'பர்ப்பிள் டிராங்க்' என்று பல பெயர்கள். 2000-ல் மெம்ஃபிஸின் த்ரீ 6 மாஃபியா குழு இதைப் பற்றியே ஒரு பாட்டு போட்டது. அதில் யூஜிகே-வும் பாடியது. அதே ஆண்டு நவம்பரில்தான் டிஜே ஸ்க்ரூ இறந்தார். அவர் உடலிலும் கோடீன். எச்சரிக்கை பக்கத்து வீட்டிலிருந்தே வந்திருந்தது. ஆனாலும் ஸ்டைல் நிற்கவில்லை. 2014-ல், மிகவும் பிரபலமான அந்த ஊதா நிற மருந்தின் தயாரிப்பையே ஆக்டாவிஸ் நிறுவனம் நிறுத்தியது. அதற்குப் பிறகு, 2019-ல், சிகாகோவின் ஜூஸ் வேர்ல்டு 21 வயதில் இறந்தபோதும் காரணங்களில் ஒன்றாகக் கோடீன் இருந்தது.

இந்தியாவிலும் கோடீன் கலந்த இருமல் மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 'மருந்துதானே, சரக்கு இல்லையே' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. மருந்தோ, போதையோ எடுத்துவிட்டு நண்பர் ஒருத்தர் வழக்கத்துக்கு மாறாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறார், தட்டினாலும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்றால், 'தூங்கட்டும், காலையில சரியாயிடும்' என்று விட்டுவிட்டுப் போகாதீங்க. ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை கூடவே இருங்க.

எல்லாமே கொண்டாட வேண்டியது இல்லை

பிம்ப் சி-யைப் புனிதர் ஆக்கவும் வேண்டாம். 'பிம்ப்' என்ற பெயருக்கே அர்த்தம், பெண்களை வைத்துத் தொழில் செய்பவர். அவர் பாடல்கள் பலவற்றில் பெண்களைப் பற்றி வரும் வார்த்தைகள் இன்று முகம் சுளிக்க வைக்கும். அன்றும் சுளிக்கத்தான் வைத்தன. போதைப்பொருள் விற்பதைப் பெருமையாகவும் பாடியிருக்கிறார். அதே மனிதர்தான் 'ஒன் டே' பாட்டில், இன்று இருப்பவர் நாளை இல்லை என்று நண்பர்களை இழந்த வலியையும் பாடினார். கேட்பவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நண்பன் செய்த மிச்ச வேலை

2009-ல் யூஜிகே-வின் கடைசி ஆல்பம் வெளியானது. பிம்ப் சி விட்டுச்சென்ற குரல் பதிவுகளை வைத்து பன் பி முடித்த ஆல்பம். பெயர், 'யூஜிகே 4 லைஃப்'. அதற்குப் பிறகு அந்தக் குழுவின் பெயரில் ஆல்பம் வரவில்லை. 2013-ல் மாமா வெஸ்ஸும் மறைந்தார்.

2011-ல் ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஹிப் ஹாப்பும் மதமும் பற்றிய பாடத்தை ஒரு பேராசிரியருடன் சேர்ந்து நடத்தினார் பன் பி. இப்போது ஹூஸ்டனில் அவருடைய பர்கர் கடை செம ஃபேமஸ். அதன் பெயர் என்ன தெரியுமா? 'ட்ரில் பர்கர்ஸ்'. ரெண்டு பையன்கள் ஊர் முழுக்கப் பரப்பிய அந்தச் சொல், இன்னைக்கு கடை போர்டில் தொங்குது.

இன்று அமெரிக்க ராப்பில் மெதுவான பீட், கனமான பேஸ், இழுத்துப் பேசும் தெற்கு வழக்கு எல்லாமே சாதாரணம். நியூயார்க்கில் பிறந்த ஏசாப் ராக்கி, கனடாவின் டிரேக் என்று பலரும் ஹூஸ்டன் சத்தத்தைத் தங்கள் பாடல்களில் எடுத்துக்கொண்டார்கள். எந்த சத்தத்தைக் கிராமத்தான் சத்தம் என்று சிரித்தார்களோ, அதைத்தான் இப்போது உலகம் கேட்கிறது.

எங்கேயிருந்து கேட்கத் தொடங்கலாம்?

(வரிகள் வயது வந்தவர்களுக்கானவை. வீட்டு ஸ்பீக்கரில் போடாமல் ஹெட்போனில் கேட்பது உத்தமம்!)

1. ஃப்ரன்ட், பேக் அண்ட் சைட் டு சைட் (1994) - காரும் பேஸும் எப்படி ஜோடி சேரும் என்று புரியும்.

2. ஒன் டே (1996) - பிம்ப் சி-யின் மென்மையான பக்கம். முதலில் இதைக் கேட்டாலும் தப்பில்லை.

3. டைமண்ட்ஸ் அண்ட் வுட் (1996) - வசதி வந்த பிறகும் நிம்மதி வராத ஒருவரின் இரவு.

4. பிக் பிம்பின் (1999) - ஜே-ஸீயுடன். பிடிக்காமல் பாடியும் எப்படிப் பின்னியிருக்கிறார் என்று கவனிங்க.

5. இன்டர்நேஷனல் பிளேயர்ஸ் ஆன்தம் (2007) - வீடியோவோடு பார்க்கணும்.

அடுத்த தடவை ராத்திரி ஒரு 'ஸ்லோடு' பாட்டைப் போடும்போது ஹூஸ்டனை நினைச்சுக்கோங்க. அந்த மெதுவான பாட்டுக்குப் பின்னால், தூங்கப் போய் எழாமலே போன ஒருத்தரும், அவர் சிறையில் இருந்த நாலு வருஷமும் அவர் பெயரை விடாமல் சொல்லிக்கிட்டே இருந்த நண்பரும் இருக்காங்க.